ராயப்பராஜுக்கு வந்த மரியாதையான காமாலை

தொண்ணூறுகளில் திண்டுக்கல்லில் எய்ட்ஸ் என்ற சொல்லை எல்லாரையும் விடச் சத்தமாகச் சொன்னவர் என் சித்தப்பா ராயப்பராஜ்தான். மற்றவர்கள் அதை வாய்க்குள்ளேயே சொன்னார்கள். இல்லாவிட்டால் 'அந்தச் சீக்கு' என்றார்கள். சித்தப்பாவுக்கு அந்த வசதி இல்லை. அவர் மைக்செட் வைத்திருந்தார். ஒவ்வொரு டிசம்பர் முதல் தேதியும், எய்ட்ஸ் தினத்தன்று, ஆட்டோவின் மேல் இரண்டு குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு, பேருந்து நிலையத்திலிருந்து நாகல்நகர் வரை, "பெரியோர்களே, தாய்மார்களே" என்று தொடங்கி, ஒழுக்கமாக வாழும்படி ஊரைக் கேட்டுக்கொள்வார். முந்தின நாள் அதே குரலில் ஜவுளிக்கடைத் தள்ளுபடியை அறிவித்திருப்பார். மறுநாள் அதே குரலில் மாதா தேர்பவனி. மூன்றுக்கும் ஒரே உருக்கம். எது தள்ளுபடி, எது நோய், எது மாதா என்று ஆட்டோ கடந்து போன பிறகுதான் ஜனங்களுக்குப் புரியும்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஊருக்குப் புதிதாக ஒரு பயம் வந்து சேர்ந்தது. அதன் பெயர் ஹெபடைட்டிஸ் பி. ரத்தத்தில் பரவி, கல்லீரலில் போய்க் குந்திக்கொள்ளும் மஞ்சள் காமாலைக் கிருமி. எய்ட்ஸை விட வேகமாகப் பரவக்கூடியது என்று பேனர் கட்டினார்கள். பழைய பயத்தை விடப் பெரியது என்று சொன்னால்தான் புதிய பயத்துக்குக் கூட்டம் வரும் என்பது பேனர் கட்டுகிறவர்களுக்குத் தெரியும். ஏதோ ஒரு சங்கம் கல்யாண மண்டபத்தில் தடுப்பூசி முகாம் போட்டது. மைக்செட் சித்தப்பாவுடையது. அந்த உரிமையில் அவருக்கும் அன்னாள் சித்திக்கும் ஊசி இலவசம். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே புட்டியிலிருந்து எடுத்த மருந்தை, ஆளுக்கு மூன்று தவணை போட்டுக்கொண்டார்கள்.

அதன் பிறகு சித்தப்பாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. தெருவில் யாருக்காவது கண் மஞ்சளித்தால் போதும்.

"ஏலே, நான் மூணு ஊசி போட்டவன்டா. காமாலை என் வாசலைப் பாத்துட்டு, ஆளு சரியில்லைன்னு அடுத்த வீட்டுக்குப் போயிரும்."

அடுத்த வீட்டு ஒச்சாயி அக்காவுக்கு இது பிடிக்காது. "ஏன், எங்க வீட்டுக்குத்தான் அனுப்பணுமா? தெக்குப் பக்கம் அனுப்புறது?" என்பார்.

சித்தப்பா பெருமையடித்துக்கொண்டிருந்த அந்தக் காலத்தில் எச்.ஐ.வி. அவர் உடம்பில் ஏற்கெனவே வாடகை கொடுக்காமல் குடியிருந்தது. ஊருக்கெல்லாம் அறிவித்தவருக்கு மட்டும் தகவல் கடைசியாகத்தான் வந்தது. இரண்டாயிரத்து மூன்றில் விடாத காய்ச்சல், இருமல். சளியைப் பார்த்து டி.பி. என்றார்கள். டி.பி.யைப் பார்த்தவர்கள் ரத்தத்தையும் பார்க்கச் சொன்னார்கள். ரத்தத்தைப் பார்த்தவர்கள் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்கள்.

குடும்பம் கூடியது. தலைமை, சித்தியின் அண்ணன் சகாயராஜ் மாமா. சித்தையன்கோட்டையில் உரக்கடை வைத்திருப்பவர். கத்தரிச் செடிக்கும் வெண்டைச் செடிக்கும் மருந்து சொல்லிச் சொல்லி, மனிதர்களுக்கும் சொல்லும் பழக்கம் வந்துவிட்டது. செடிகள் எதிர்த்துப் பேசியதில்லை என்பதால் அவருக்குத் தன்மேல் நம்பிக்கை அதிகம்.

"மாப்ள, இது எங்கிட்டிருந்து வந்துச்சு? அதச் சொல்லுங்க மொதல்ல."

"வந்த வழி எனக்குத் தெரியும் மச்சான். போற வழி தெரிஞ்சா நீங்க சொல்லுங்க."

திருவிழா திருவிழாவாக ஊர் சுற்றிய வாலிபம். அதற்கு மேல் அவர் எதையும் மறைக்கவும் இல்லை, விளக்கவும் இல்லை. சித்தியின் ரத்தத்தில் ஒன்றும் இல்லை என்று வந்தது. சித்தி கொஞ்ச காலம் அவரோடு பேசவில்லை. பிறகு ஒருநாள், "சோறு வச்சிருக்கேன்" என்றார். அதோடு விசாரணை முடிந்தது.

முடியாமல் நின்றது ஒன்றுதான்: வெளியே என்ன சொல்வது? சகாயராஜ் மாமா உடனே தீர்ப்புச் சொன்னார். "சுகர்னு சொல்லிருவோம்." எங்கள் ஊரில் சர்க்கரை நோய் தாராள மனசுள்ளது. யார் கேட்டாலும் தன் பெயரை இரவல் கொடுக்கும். சித்தப்பா இளைத்ததும் சுகர், கறுத்ததும் சுகர், மைக் பிடிக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டதும் சுகர். தெரு இதை நம்பியதாக முகத்தை வைத்துக்கொண்டது. ஆனால் வீட்டுக்கு வருவது குறைந்தது. வந்தவர்களும் வாசலிலேயே நின்று, "உடம்பப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு, தண்ணீர் கொடுத்தால் தாகம் இல்லை என்றார்கள்.

இரண்டாயிரத்து ஐந்தில் மதுரை ஆஸ்பத்திரியில் எச்.ஐ.வி.யை அடக்கும் கூட்டு மருந்து இலவசமாகக் கிடைத்தது. தொடங்கும் முன் எல்லாப் பரிசோதனையும் செய்தார்கள். அதில் வெளிப்பட்டது: சித்தப்பாவின் ரத்தத்தில் ஹெபடைட்டிஸ் பி.

சித்தப்பாவுக்கு எச்.ஐ.வி. என்றபோது கூட வராத கோபம் அன்று வந்தது. "சார், மெசினு கோளாறு. நான் மூணு ஊசி போட்டவன்."

டாக்டர் இளைஞர். பொறுமையாகச் சொன்னார். "ஊசிங்கறது உடம்புக்குப் பாடம் நடத்துற மாதிரி. வாத்தியார் வந்தாரு, மூணு தடவை நடத்துனாரு. கேக்குறதுக்கு வகுப்புல ஆள் இருக்கணும்ல? உங்க உடம்புல எச்.ஐ.வி. கிருமி, எதிர்ப்பு அணுக்கள ஏற்கெனவே காலி பண்ணிட்டு இருந்துச்சு. நல்ல எதிர்ப்பு இருக்குறவங்கள்ல பெரும்பாலானவங்க இந்தக் காமாலைக் கிருமிய அவங்களே துரத்திருவாங்க. உங்களுக்குத் துரத்த ஆள் இல்ல. அது பாட்டுக்குத் தங்கிருச்சு."

"அப்ப ஏன் எனக்குக் கண்ணு மஞ்சளிக்கல?"

"அதுக்கும் அதே காரணம்தான். சண்டை நடந்தாத்தானே வீடு உடையும்?"

சித்தியின் ரத்தத்தையும் பார்த்தார்கள். அவர் உடம்பில் ஊசி நன்றாக வேலை செய்திருந்தது. ஒரே பெஞ்சு, ஒரே புட்டி. ஒருத்தர் பாடம் படித்திருந்தார், ஒருத்தர் வகுப்பிலேயே இல்லை. சித்தப்பா டாக்டரிடம், "அந்த முகாமுக்கு நாந்தான் சார் மைக்கு" என்றார்.

மருந்து கொடுக்கும் மையத்தின் ஆலோசகர் சத்யபிரியா அவர்களை உட்கார வைத்து ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். "அண்ணே, இந்த மாத்திரையில இருக்குற ஒரு மருந்து ரெண்டு கிருமியையும் அடக்கும். காலையில, ராத்திரி, தவறவே கூடாது. நீங்களா நிறுத்துனா ரெண்டும் சேந்து எந்திரிக்கும். உங்க கல்லீரல் தாங்காது. எது வந்தாலும் எங்ககிட்டக் கேக்காம நிறுத்தாதீங்க."

"தாயி, நான் மைக்காரன். ஒரு தடவை சொன்னாப் போதும்" என்றார் சித்தப்பா.

மாத்திரை டப்பாவைப் பழைய ஆம்ப்ளிபயரின் காலிக் கூட்டுக்குள் ஒளித்து வைத்துக்கொண்டார்கள். சில வாரங்களில் சித்தப்பாவுக்குப் பசி வந்தது. எடை ஏறியது. குரல் ஏறியது. ஒச்சாயி அக்காவை மறுபடி வம்பிழுக்க ஆரம்பித்தார். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது ஒருநாள் காலை சித்தி அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏங்க, வெளிச்சத்துக்கு வாங்க" என்றார். கண் இரண்டும் மஞ்சள்.

எந்தக் குடும்பமும் நோய்க்கு இவ்வளவு சந்தோஷப்பட்டிருக்காது. எய்ட்ஸைச் சொல்ல முடியாது, டி.பி.யைச் சொல்ல முடியாது, சுகரைச் சொல்லிச் சொல்லி வாய் அலுத்துவிட்டது. இதோ கடைசியில் ஒரு நோய் வந்திருக்கிறது: மரியாதையான, வாசலில் நின்று உரக்கச் சொல்லக்கூடிய, மாதாவே வந்து கேட்டாலும் கூசாமல் சொல்லக்கூடிய மஞ்சள் காமாலை! சகாயராஜ் மாமா செய்தி கேட்டதும் கடையைச் சாத்திவிட்டு ஓடிவந்தார். தெருமுனையிலிருந்தே, "மாப்ளைக்குக் காமாலையாம்!" என்று எதிரே வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

தெரு திரும்பி வந்தது. இரண்டு வருஷமாக வாசலைத் தாண்டாதவர்கள் உள்ளே வந்து, கட்டிலிலேயே உட்கார்ந்து, சித்தப்பாவின் கண் இமையைத் தங்கள் விரலால் இழுத்துப் பார்த்தார்கள். இளநீர் வந்தது, கரும்புச் சாறு வந்தது, கட்டுக் கட்டாகக் கீழாநெல்லி வந்தது. கொடுத்த தண்ணீரைக் குடித்தார்கள். சோற்றைச் சிறுநீரில் ஊறப்போட்டு மஞ்சள் பிடிக்கிறதா பார்க்கச் சொல்லி ஒருவர் வற்புறுத்தினார். கண்ணே மஞ்சளாக இருக்கும்போது சோற்றிடம் எதற்குச் சாட்சி கேட்க வேண்டும் என்று சித்தி கேட்டதை யாரும் கவனிக்கவில்லை.

மதுரைக்குப் போகலாம் என்று சித்தி சொன்னார். காமாலைக்கு யாராவது ஆஸ்பத்திரிக்குப் போவார்களா என்று கூட்டமே சிரித்தது. சகாயராஜ் மாமா கார் பிடித்து நெய்க்காரப்பட்டிக்கு அழைத்துப் போனார். அங்கே பெருமாயி என்ற அம்மாள், விடியற்காலையில் வெறும் வயிற்றில் காமாலைக்குப் பச்சிலை உருண்டை கொடுப்பவர். காசு வாங்குவதில்லை.

"கண்ணக் காட்டுங்க. அட, நல்லா ஏறிருக்குதுங்க. உப்பு ஆகாதுங்க, எண்ணெ ஆகாதுங்க. இங்கிலீசு மருந்து தொடவே கூடாதுங்க. தொட்டா மருந்து முறிஞ்சு போயிருமுங்க. இப்ப ஏதாச்சும் மாத்திரை சாப்பிடறாருங்களா?"

"ஒண்ணுமே இல்லீங்கம்மா. தலவலிக்குக் கூட மாத்திர போடாத ஆளு" என்றார் சகாயராஜ் மாமா, கண் இமைக்காமல். சித்தப்பா தலையாட்டினார். உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த அம்மாள் என்ன சொல்லியிருப்பார் என்பது யாருக்கும் தெரியாது. அவரிடம் யாரும் சொல்லவில்லை.

பிறகு சித்தப்பாவின் கையில் ஏதோ பட்டைத் தூளைத் தடவிச் சுண்ணாம்புத் தண்ணீரில் கழுவினார்கள். தட்டில் மஞ்சளாக இறங்கியது. "பாத்தீகளா மாப்ள, எம்புட்டு மஞ்ச!" என்றார் சகாயராஜ் மாமா. அவர் தன் கையைக் கழுவியிருந்தாலும் அம்புட்டு மஞ்சள் இறங்கியிருக்கும். அவர் கழுவவில்லை.

நான் அந்தச் சமயம் டொராண்டோவில் இருந்தேன். வெளிநாட்டில் இருக்கிறவனுக்குக் குடும்பம் ஒதுக்கியிருக்கும் ஒரே வேலை பயப்படுவது. ஆங்கிலத்தில் தேடித் தேடிப் படித்துவிட்டு, தமிழில் போன் போட்டு, என்னென்ன சோதனை எடுத்தார்கள் என்று கேட்டேன். சித்தி, "நீ அங்க பயந்துக்கிட்டு இரு தம்பி. இங்க எங்களுக்கு அதுக்கு நேரமில்ல, வந்தவுகளுக்குக் காப்பி போடணும்" என்று வைத்துவிட்டார்.

பத்தியம் தொடங்கிச் சில நாள் ஆகியும் மஞ்சள் இறங்கவில்லை. பழுத்த பப்பாளி மாதிரி ஆனார் சித்தப்பா. சோற்றைக் கண்டால் குமட்டியது, வயிறு உப்பியது. ஊர் இதற்கும் பதில் வைத்திருந்தது: உப்பு எங்கேயோ கலந்திருக்கும். சித்தி ரசத்தில் களவாக உப்புப் போடுவதாக ஒரு கட்சி. தொட்டுக்கொள்ளும் வெஞ்சனத்தில் எண்ணெய் என்று இன்னொரு கட்சி.

சித்தி ஆம்ப்ளிபயர் கூட்டைத் திறந்து டப்பாவை எடுத்து ஆட்டிப் பார்த்தார். பாதியாவது காலியாகியிருக்க வேண்டிய டப்பா கிலுகிலு என்று சத்தம் போடாமல், நிறைந்த வயிற்றோடு கம்மென்று இருந்தது.

"நிறுத்திட்டீகளா?"

சித்தப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். "இத்தன வருசம் காமாலை இல்ல. இந்த மாத்திர தின்னப்பறம் வந்துச்சு. அப்ப எது வெசம்? நீயே சொல்லு."

"கேட்டுட்டு நிறுத்துங்கன்னு அந்தப் புள்ள தலபாடா அடிச்சிக்கிருச்சே."

"அன்னாளு." குரல் இறங்கியது. "நேத்து நம்ம கோயில் பாட்டுக் கோஷ்டி மொத்தமும் வந்து என் கையப் புடிச்சு ஜெபம் பண்ணுனாக. கையப் புடிச்சு. எனக்குக் காமாலை மட்டுந்தான்னு இருந்துட்டுப் போறேனே."

மறுநாள் காலை சித்தி ஒச்சாயி அக்காவிடம், "செத்த நேரம் இவரப் பாத்துக்கங்கக்கா" என்று சொல்லிவிட்டு மதுரைக்குப் பஸ் ஏறினார்.

டாக்டர் கேட்டதும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "ஆள எங்கம்மா? ஏன் விட்டுட்டு வந்தீங்க? இன்னிக்கே கூட்டிட்டு வாங்க."

"மாத்திரதான் வெசம்னு சொல்றாரு சார்."

"பாதி சரி. அந்த மாத்திரையில ஒரு மருந்து சில பேருக்குக் கல்லீரலச் சீண்டும். அதப் பாத்து மாத்திருவோம். ஆனா இன்னொண்ணும் இருக்கலாம். மாத்திரை வேலை செஞ்சு எதிர்ப்பு அணுக்கள் திரும்பி வந்திருச்சு. வந்ததும் கல்லீரல்ல இத்தன வருசம் குந்தியிருந்த கிருமியப் பாத்துருச்சு. பாத்ததும் அடிதடி. அந்த அடிதடியிலதான் கண்ணு மஞ்சளாகும். அத நாங்க பக்கத்துல இருந்து பாத்துக்கிட்டாச் சமாளிக்கலாம். மாத்திரைய நிறுத்துனா கட்டுப்படுத்த ஆளில்லாம ரெண்டு கிருமியும் சேந்து ஆடும். அதத்தான் இப்ப அவரு செஞ்சிட்டு இருக்காரு."

பக்கத்தில் நின்ற சத்யபிரியா கேட்டார்: "அக்கா, அண்ணன் யாரு சொன்னாக் கேப்பாரு?"

"மைக்கு சொன்னாக் கேப்பாரு" என்றார் சித்தி.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அதையே யோசித்துக்கொண்டு வந்ததாகப் பின்னால் சொன்னார்.

வீட்டில் கூட்டம். கட்டிலைச் சுற்றி இளநீர். நடுவில் சகாயராஜ் மாமா, அடுத்த வாரத்துக்கான பத்தியத்தை அறிவித்துக்கொண்டிருந்தார். சித்தி பையைக் கூட இறக்கி வைக்காமல் கட்டில் அருகே போய் நின்றார்.

"ஏங்க, ஒரு தொழில் சந்தேகம். ரொம்ப நாளாக் கரண்டு இல்லாத எடத்துல, திடீர்னு கரண்டு வந்து மைக்கு கீச்சுன்னு கத்துனா என்ன செய்வீக? மெயினை ஆஃப் பண்ணுவீகளா?"

சாகப்போகிறவராக இருந்தாலும் தொழில்காரர் தொழில்காரர்தான். சித்தப்பா முழங்கையை ஊன்றி எழுந்தார். "எந்தக் கூறுகெட்டவன் மெயினை ஆஃப் பண்ணுவான்? கூட்டம் கலஞ்சு போயிராது? மைக்க ஸ்பீக்கருக்கு எதிர்ல வச்சிருப்பான். அதத் திருப்பி வைக்கணும். சவுண்ட லேசாக் கொறைக்கணும். கத்துதுன்னா கரண்டு வந்திருச்சுன்னு அர்த்தம்ல."

"அதையேதான் அந்த டாக்டரும் சொல்றாரு. உங்க ஒடம்புல கரண்டு வந்திருச்சாம். அதான் கத்துதாம். நீங்க மெயினை ஆஃப் பண்ணிட்டுப் படுத்திருக்கீக."

சகாயராஜ் மாமா தொண்டையைச் செருமினார். "அன்னாளு, ஆளுக இருக்காக."

"இருக்கட்டும்ணே. நல்லாக் கேக்கட்டும்." சித்தி ஆம்ப்ளிபயர் கூட்டைத் திறந்து டப்பாவை எடுத்துக் கட்டில் மேல் வைத்தார். "இவருக்கு எய்ட்ஸ் கிருமி இருக்கு. இது அதுக்குண்டான மாத்திர. இத நிறுத்துனதாலதான் இப்படிக் கெடக்காரு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். யாராச்சும் தூக்கிவிட வாரீகளா?"

கூட்டம் கலைவதில் ஒரு நாகரிகம் உண்டு. ஒருவருக்குக் குழாயில் தண்ணீர் வரும் நேரம். ஒருவருக்கு அடுப்பில் பால். பாதி குடித்த காப்பி டம்ளரை ஒருவர் கீழே வைக்கத் தயங்கி, கையோடு கொண்டுபோய்விட்டார். அந்த டம்ளர் இன்றுவரை திரும்பி வரவில்லை. சகாயராஜ் மாமா கார் பிடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டுச் சித்தையன்கோட்டைக்கே போய்விட்டார்.

ஒச்சாயி அக்கா மட்டும் அசையவில்லை. எழுந்து வந்து சித்தப்பாவின் ஒரு தோளைப் பிடித்தார். "வாய்யா மைக்கு. எந்திரி. எனக்கு எப்பவோ தெரியும். சுகருக்கு எவன்யா மாசாமாசம் மதுரைக்குப் போறான்?"

"அன்னாளு," என்றார் சித்தப்பா, இரண்டு பெண்களுக்கு நடுவே தொங்கிக்கொண்டு. "மைக்கு இல்லாமயே தெருவுக்கே கேட்டுருச்சுடி."

ஆஸ்பத்திரியில் சில வாரம் இருந்தார். கல்லீரலைச் சீண்டக்கூடிய மருந்தை மட்டும் மாற்றினார்கள். இரண்டு கிருமியையும் அடக்கும் மருந்தை விடாமல் கொடுத்தார்கள். நடுவில் இரண்டு நாள் ஆள் நினைவு தப்பிக் கிடந்தார். கரை ஏறுவது நிச்சயமில்லை என்று டாக்டர் சித்தியிடம் சொன்னார். ஏறினார். மஞ்சள் மெல்ல மெல்ல இறங்கியது. காமாலைக் கிருமி ஒரேயடியாகப் போகாது, கூடவே இருக்கும், மாத்திரையும் கூடவே இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டில் வாடிக் கிடந்த கீழாநெல்லிக் கட்டுகளை ஒச்சாயி அக்காவின் ஆடு தின்று தீர்த்தது.

மாத்திரை டப்பா கூட்டுக்குள் திரும்பவில்லை. மாதா படத்துக்குக் கீழே, எல்லாரும் பார்க்க உட்கார்ந்தது. காலையில் அதை எடுத்து ஒரு தடவை ஆட்டிவிட்டுத்தான் விழுங்குவார். சத்தம் வெளியே கேட்க வேண்டுமாம்.

தெரு பழையபடி வாசலில் நின்றது. சிலர் அங்கேயும் நிற்கவில்லை. தேர்பவனிக்கு இரண்டு வருஷம் வேறு மைக்செட் பேசினார்கள். அந்த ஆளின் உச்சரிப்பு சகிக்காமல் மூன்றாம் வருஷம் திரும்பி வந்தார்கள். மனசு மாறியதாக யாரும் சொல்லவில்லை. சித்தப்பாவும் கேட்கவில்லை.

சகாயராஜ் மாமாவுக்கு மட்டும் நடந்ததில் ஒரு வெற்றி மிஞ்சியிருந்தது. நெய்க்காரப்பட்டிக்குப் போனார்கள், காமாலை இறங்கியது. நடுவில் நடந்ததை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. இரண்டாயிரத்து எட்டில் ஒருநாள் காலை, கண் மஞ்சளித்த தன் கடை வாடிக்கையாளர் ஒருவரைச் சாட்சி காட்டக் கூட்டிக்கொண்டு வந்தே விட்டார்.

"மாப்ள, நம்மாளு நம்ப மாட்டேங்குறாரு. நீங்களே சொல்லுங்க. உங்க காமாலை எதுல எறங்குச்சு?"

சித்தப்பா டப்பாவை எடுத்தார். ஆட்டினார். மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். பிறகு வந்தவரைப் பார்த்து, தேர்பவனிக் குரலில் சொன்னார்:

"எனக்கு எய்ட்ஸ் கிருமியும் இருக்கு, காமாலைக் கிருமியும் இருக்கு. நான் இத முழுங்கினேன், இருக்கேன். அந்தப் பச்சிலைக் கட்ட அந்தா கட்டியிருக்கே, ஒச்சாயி ஆடு, அது தின்னுச்சு. அதுவும் நல்லாத்தான் இருக்கு. ஆட்டுக்கு என்ன சீக்குன்னு தெரியல. உங்களுக்கு என்ன சீக்குன்னு மொதல்ல ரத்தத்தப் பாருங்க. மதுரைக்கு எட்டே முக்கால் பஸ்ஸு இருக்கு."

வந்தவர் சகாயராஜ் மாமாவைப் பார்த்தார். மாமா ஆட்டைப் பார்த்தார்.

"காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்று சித்தி உள்ளேயிருந்து இரண்டு டம்ளரைக் கொண்டுவந்து வைத்தார். வந்தவர் கொஞ்சம் யோசித்துவிட்டு உட்கார்ந்து குடித்தார். பிறகு எழுந்து பஸ்ஸுக்குப் போனார். சகாயராஜ் மாமாவின் டம்ளரில்தான் காப்பி ஆறிப் பாலாடை படிந்தது.